சொந்த விருப்பத்தின் பேரில்

பெற்றோர் அழைப்பு நாள் என்பதால் மீஞ்சூர் வளையச் சமுதாயக் கல்லூரியின் வாசலில் காலையிலேயே சக்கர நாற்காலிகள் சேர்ந்துவிட்டன. ஐம்பது வயது மாணவர்கள் தங்கள் அப்பாக்களைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் தன் அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளே போனதும் சின்ன வயதுக் கதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பெற்றோரை இழந்தவர்கள் எந்திரப் பெற்றோரை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். வாடகை அப்பாக்கள் எல்லாம் ஒரே சாயலில், வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூடுமாக இருந்தன. கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தால் அவை இருமவும் செய்யும்.

யாருக்கும் இது விநோதமாகத் தெரியவில்லை. பழவேற்காட்டில் தொடங்கி மரக்காணம் வரை நீண்டு, மேற்கே ராணிப்பேட்டையையும் விழுங்கிவிட்ட பெருஞ்சென்னையில் ஒரு தொழிலின் ஆயுள் ஏழெட்டு ஆண்டுகள்தான். மனிதர்கள் அதைப் பழகுவார்கள். அவர்கள் பழகுவதைப் பார்த்து எந்திரங்கள் பழகும். பிறகு அந்தத் தொழில் மனிதர்களுக்கு இல்லை. தொழில் போனவர்கள் தங்கள் குடியிருப்பு வளையத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டில் வேறொன்றைக் கற்க வேண்டும். இப்படி நகரம் முழுவதும் நாற்பத்துநான்கு கல்லூரிகள் இருந்தன. வாழ்நாளில் நாலைந்து முறை கல்லூரிக்குப் போகாதவர் எவரும் இல்லை.

நகரத்தில் குடியிருக்க ஒருவர் தொழில் செய்பவராக இருக்க வேண்டும், அல்லது மாணவராக இருக்க வேண்டும். முதியவர்களும் சிறுவர்களும் அப்படி ஒருவரின் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாக ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் தோலுக்கு அடியில் ஒரு உரிமைப்பொட்டு ஒளிர்ந்தது. தொழில் உள்ளவருக்குப் பச்சை, மாணவருக்கு மஞ்சள். இரண்டும் இல்லாவிட்டால் பொட்டு அணைந்துவிடும். பொட்டு அணைந்தவருக்கு ரயில் கதவு திறக்காது, வீட்டுக் கதவு திறக்காது, குழாயில் தண்ணீர் வராது. வெளிவட்டத்து வெயில் வயல்களுக்குப் போகும் வண்டி மட்டும் அவரை ஏற்றிக்கொள்ளும். அங்கே கண்ணுக்கெட்டும் தூரம் வரை சூரியத் தகடுகள். அவற்றின் மேல் படியும் புழுதியைத் துடைத்துக்கொண்டே இருக்கலாம்.

குணவதிக்கு நாற்பத்தோரு வயது. மணலியில் பொட்டலப் பறவைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோன அந்தச் சிறிய பறக்கும் பொறிகள், தரைக்கடியில் பொருள்குழாய்கள் வந்ததும் நின்றுபோயின. இப்போது அவள் உப்புப் பிரிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கடல்நீரைக் குடிநீராக்கும் சல்லடைத் தாள்களைக் கவனிக்கும் தொழில் அது. செய்முறை வகுப்பில் சமாளித்தாள். கோட்பாட்டுப் பாடம் எத்தனை முறை படித்தாலும் தலையில் நிற்கவில்லை. மாதத் தேர்வுகளில் ஒன்றில்கூட அவள் தேறியிருக்கவில்லை.

அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் பஞ்சாட்சரம். அதே வகுப்பு, அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் கொண்டுவந்திருந்த வாடகை அப்பா அவரைவிட இளமையாக இருந்தது.

"இன்னா குணா, நைனாவ இட்டாந்துட்டியா?" என்று கேட்டார். "எனக்குப் பாரு, இந்தாளுதான் கெடச்சாரு. வர்ற வழியெல்லாம் ஒரே அட்வைஸு."

வாடகை அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவனைப் படிக்க வைக்கத் தான் பட்ட பாட்டை வரிசையில் இருந்தவர்களிடம் சொல்லத் தொடங்கியது. பஞ்சாட்சரம் சிரித்தார். ஆனால் அவருடைய கை, மணிக்கட்டின் மஞ்சள் பொட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

உள்ளே என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறுதித் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு, தேற மாட்டார்கள் என்று கணக்கிடப்பட்டவர்களைப் பெற்றோருடன் அழைப்பார்கள். 'சொந்த விருப்பத்தின் பேரில் கல்லூரியிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம்' என்ற கடிதத்தை நீட்டுவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் தேர்வு எழுதுவார்கள், அத்தனை பேரும் தேறுவார்கள். வாசலில் பதாகை ஏறும்: நூறு சதவீதத் தேர்ச்சி. பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படித்தான்.

அதாவது முதல்வர் எந்திரம் வந்ததிலிருந்து. மனித முதல்வர்கள் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று புகார் முற்றியபோது நகரமன்றம் நாற்பத்துநான்கு கல்லூரிகளுக்கும் ஒரே வார்ப்பில் முதல்வர் எந்திரங்களைச் செய்து அனுப்பியது. நல்ல கல்லூரி எப்படி நடக்க வேண்டும் என்று அவற்றுக்கு உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. ஆகவே பழைய காலத்துப் பள்ளிகளின் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், விளம்பரங்கள், சுவர்ப் படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக ஊட்டிவிட்டார்கள். எந்திரங்கள் தாமாகவே புரிந்துகொண்டன. முதல் வாரத்திலேயே காலைக் கூட்டத்தில் நகச் சோதனை தொடங்கியது. நாற்பது வயதுப் பெண்கள் இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினார்கள். தாமதமாக வந்த மூட்டுவலிக்காரர்கள் வாசலில் முட்டி போட்டார்கள். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. கல்லூரி இப்போதுதான் ஒழுங்காக நடக்கிறது என்று பெற்றோர்களுக்குத் திருப்தி.

பஞ்சாட்சரம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். வாடகை அப்பா கதவைத் தாண்டும்போதே பேனாவைத் திறந்துவிட்டதாம். குணவதியின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார்.

குணவதியின் அப்பா ஏகாம்பரம், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை மனிதர்கள் ஓட்டிய கடைசிக் காலத்தில் ஓட்டியவர். அறுபது டன் பெட்டியைக் காற்றில் நிறுத்திவைத்தவர் முதல்வர் அறையில் கை கட்டி நின்றார். எந்திரத்துக்கு முகம் தேவையே இல்லை. முகம் இல்லாவிட்டால் பெற்றோர் எழுந்து நிற்பதில்லை என்பதால் நகரமன்றம் ஒன்றைப் பொருத்தி, அதற்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் மாட்டியிருந்தது.

"உங்கள் மகள் நல்ல பெண்" என்றது எந்திரம். "பழகுவதற்கு இனியவள். ஆனால் கவனம் போதாது. விளையாட்டுப் புத்தி."

"நானும் சொல்லிக்கினேதாங்க இருக்கேன். காதுலயே வாங்கமாட்டா. எங்கங்க கையெழுத்து போடணும்?"

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டார். கடிதத்தைப் படிக்கவில்லை. குணவதி அவர் கையைப் பிடித்தாள்.

"நான் பரிட்ச எழுதறேன்."

எந்திரம் அவளைப் பார்த்தது. "எழுதினால் நீ தேற மாட்டாய். தொண்ணூற்றேழு சதவீதம் உறுதி."

"மிச்சம் மூணு இருக்குதில்ல."

ஏகாம்பரம் எந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளை ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இப்பவே போட்டுட்டா நாமளா நின்னுக்கினோம்னு ஆவும். எழுதி ஊத்திக்கினா ஃபெயிலுன்னு ஆவும். ரெண்டும் ஒண்ணாம்மா?"

"ரெண்டுக்கும் அதே வெயில் வயலுதான, நைனா?"

"போறது ஒண்ணுதான். பேரு? போர்டுல செவப்புல எழுதுவான். நம்ம அடுக்குமாடி ஜனம் மொத்தமும் பாக்கும். எம்பொண்ணு வேணாம்னு நின்னுட்டான்னு சொன்னா அதுல ஒரு இது இருக்குது."

"போறதுதான்னா எழுதிட்டுப் போறேன்."

பேனாவை அவர் விரல்களிலிருந்து உருவி, மூடி, தன் பின்னல் ரிப்பனில் செருகிக்கொண்டாள். மணியடித்து ஆட்களைக் கூப்பிடப் போகிறது, இங்கேயே பொட்டை அணைக்கப் போகிறது என்று எந்திரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போடாதவருக்கு என்ன செய்வது என்று தனக்கு ஊட்டப்பட்ட பதிவேடுகள் எல்லாவற்றையும் அது தேடிக்கொண்டிருந்தது. எதிலும் ஒன்றும் இல்லை.

"சரி" என்றது. "அடுத்தவரை வரச் சொல்."

அவ்வளவுதானா என்று குணவதிக்குச் சந்தேகம். வெளியே வந்தபிறகும் சந்தேகம் தீரவில்லை.

பஞ்சாட்சரத்தை வழியனுப்ப அவள் ஒருத்திதான் போனாள். நிலையத்தில் அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் மங்கி, இரண்டுமுறை துடித்து, தோல் வெறும் தோலானது. குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் போனவருக்குக் குழாய் திறக்கவில்லை. குணவதி தன் கையைக் காட்டிப் பிடித்துக் கொடுத்தாள். வெயில் வயலில் புழுதி அதிகம், துண்டு நிறைய வேண்டியிருக்கும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். வண்டி வந்தது.

வகுப்பில் அவளோடு பேசுவது நின்றுபோனது. பன்னிரண்டு ஆண்டுப் பதாகை இவளால் போகப்போகிறது என்று பேச்சு. வகுப்புத் தலைவர் திருவேங்கடம், பேரப்பிள்ளை எடுத்தவர், ஒருநாள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அவளிடம் நியாயம் பேசினார். நூறு சதவீதக் கல்லூரியில் தேறியவர்கள் என்றால்தான் தங்களுக்கு மதிப்பு, ஒரு ஆளுக்காக எத்தனை பேர் தலைகுனிவது என்று கேட்டார். இப்போதும் நேரம் இருக்கிறது, நைனாவைக் கூட்டிவந்து போட்டுவிடு என்றார்.

குணவதி சோற்று டப்பாவை மூடினாள். "அண்ணே, போன வாரம் நம்ம வகுப்புல முப்பத்தோரு பேர வண்டி ஏத்துனாங்க. அப்ப யாரும் தலகுனிஞ்ச மாரி தெரியல. எனக்கு வர்ற அசிங்கம் என்னோடது. உனக்கு வேணும்னா நீ போயி கையெழுத்து போடு" என்றாள். திருவேங்கடம் கூட்டி வந்தவர்களோடு திரும்பிப் போய்விட்டார். அவளோ அன்று மாலை ரயிலில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, அவரிடம் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கக்கூடிய பதில்களை நினைத்துக்கொண்டே போனாள்.

தேர்வு எழுதினாள். சவ்வூடுபரவல் அழுத்தம் பற்றிய கேள்விக்குத் தெரிந்ததை எழுதினாள். தெரியாததற்கு வெற்று இடம் விட்டாள். மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

முடிவுகள் வந்த அன்று கல்லூரி வாசலில் ஒளிப்பலகை எரிந்தது. பச்சைப் பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கின. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பில் ஒரே பெயர்: ஏ. குணவதி, உப்புப் பிரிப்பு, தோல்வி. சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பலகையின் முன் நின்று பார்த்தார்கள். அந்த நிறத்தில் ஒரு பெயரை அவர்கள் கண்டதே இல்லை. குணவதி கூட்டத்துக்கு நடுவே நின்று தன் பெயரைக் கடைசி எழுத்து வரை படித்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மூட்டை கட்டினாள்.

ஏகாம்பரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவருடைய குடியிருப்பு உரிமையும் மகளின் பொட்டை நம்பித்தான் இருந்தது. அவருடைய இரண்டு சட்டைகளையும் மருந்தையும் தன் மூட்டையிலேயே அவள் வைத்தாள். தண்ணீர் நின்றுவிடுமே என்று பானைகளை நிரப்பினாள். கதவு பூட்டிக்கொண்டால் திறக்காதே என்று ஒரு செருப்பை இடையில் செருகிவைத்தாள். மணிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பொட்டு மஞ்சளாக இருந்தது. சாயங்காலமும் மஞ்சளாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தபோதும் மஞ்சள்தான்.

பழுதாகியிருக்கும் என்று நினைத்தாள். பழுதை மறைத்தால் அதற்குத் தனித் தண்டனை உண்டு. கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள்.

"என்னோட பொட்டு இன்னும் அணையல" என்றாள் முதல்வர் எந்திரத்திடம்.

"நீ மாணவி. மாணவியின் பொட்டு ஏன் அணைய வேண்டும்?"

"நான் ஃபெயிலு."

"ஆம். அடுத்த ஆண்டுத் தேர்வில் மறுபடி எழுதலாம். தோற்றவர் தேறும்வரை மாணவரே என்பது நகரமன்ற விதி. இத்தனை முறைதான் என்ற வரம்பும் கிடையாது."

முதல்வர் அறையில் மாணவர்கள் உட்காரக் கூடாது. குணவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப கையெழுத்து போட்டவங்க?"

"அவர்கள் தோற்கவில்லை. தாமாக விலகியவர்கள். விலகியவர் மாணவர் அல்லர்."

"பஞ்சாட்சரம் அண்ணன் எழுதியிருந்தா இங்கயே இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்."

"இத ஏன் யாருக்கும் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை" என்றது எந்திரம். அதன் குரலில் குற்றவுணர்வோ கேலியோ இல்லை. "கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பெற்றோரும் கேட்டதில்லை. நான் படித்த பழைய பதிவேடுகளிலும் அப்படித்தான். அந்தக் காலத்திலும் தோற்றவர்கள் மறுபடி எழுதலாம். இருந்தும் பெற்றோர் வந்து, சொன்ன இடத்தில் கையெழுத்திட்டு, பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். ஆகவே, தோற்றான் என்று பெயர் எடுப்பதைவிட வெளியே போவதையே மனிதர்கள் விரும்புகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். விருப்பத்தைக் கேட்டேன். நிறைவேற்றினேன்."

"அந்த நூறு சதவீதம்? அத ஒன்ன யாரு கேட்டா? நகரமன்றமா?"

"ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்த படங்களில் நல்ல பள்ளி என்று குறித்த எல்லாவற்றின் வாசலிலும் அந்தப் பதாகை இருந்தது."

குணவதி அதன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்தால் உள்ளே இருப்பது யார் என்று யோசித்தபோது, ரிப்பன் கட்டிய பிள்ளையை இழுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடக்கும் யாரோ ஒரு அப்பா, யாரோ ஒரு அம்மா, அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆயிரம் பேர்தான் தெரிந்தார்கள்.

"நீ இப்ப சொன்னத அப்படியே வாசல்ல எழுதிப் போடு" என்றாள். "எழுதிப் போடற வரைக்கும் நான் இங்கேருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

மறுப்பதற்கான காரணம் எதையும் எந்திரத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதிப் போட்டது. மற்ற நாற்பத்துமூன்று கல்லூரிகளின் எந்திரங்களும், வார்ப்பு ஒன்று என்பதால், அதே நாளில் எழுதிப் போட்டன.

அதற்குப் பிறகு யாரும் விலகவில்லை என்று சொல்ல ஆசைதான். அடுத்த பெற்றோர் அழைப்பு நாளில் மீஞ்சூரில் எல்லாப் பெற்றோரும் அந்த அறிவிப்பைப் படித்தார்கள். கண் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். படித்துவிட்டு உள்ளே போய் அநேகம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு அம்மா மட்டும், தோற்றால் பெயர் பலகையில் எத்தனை நாள் எரியும் என்று எந்திரத்திடம் விசாரித்தாள். மூன்று நாள் என்றது. அவளும் போட்டாள். வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்ற குணவதியின் தொண்டை கட்டிப்போனது. "உன்ன மாரி தோல் தடிச்சிருந்தா நாங்களும் போடாமதான் இருப்போம்" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் பதினோரு பேர் போடவில்லை. அந்த ஆண்டு பதாகை ஏறவில்லை.

பதினோரு பேரில் ஒருவரும் குணவதியின் வீட்டுப் பக்கம் இல்லை. அவள் குடியிருந்த அடுக்கில் நானூறு வீடுகள். அழைப்பு நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் பரிபூரணம் ஆறேழு பேரோடு வந்தார். எல்லோரும் மனிதர்கள். பரிபூரணம் மரியாதையானவர், வரும்போது கொஞ்சம் பழமும் வாங்கி வந்திருந்தார். ஏகாம்பரம் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பரிபூரணம் நயமாகத்தான் பேசினார். சிவப்பில் பெயர் வந்த வீடு இருக்கிறது என்று தெரிந்து இந்த அடுக்கில் வீடு கேட்டு வருபவர்கள் திரும்பிப் போகிறார்கள். கல்யாணப் பேச்சு ஒன்றுகூட நின்றுவிட்டது. குணவதி மறுபடி எழுதப் போகிறாள், மறுபடி சிவப்பில் வந்தால் என்ன செய்வது? யாரும் போகச் சொல்லவில்லை. தெற்கு வளையத்தில் நல்ல வீடுகள் இருக்கின்றன. இது அவர்களாகவே எடுக்கும் முடிவாக இருந்தால் எல்லோருக்கும் கௌரவம்.

அவர் நீட்டிய தாளில் முதல் வரியிலேயே இருந்தது: சொந்த விருப்பத்தின் பேரில்.

"வீடு உங்க பேர்ல இருக்குதுங்களே, பெரியவரே. நீங்கதான் போடணும்" என்று பேனாவையும் கொடுத்தார்.

அடுப்படியிலிருந்து குணவதி ஈரக்கையோடு வந்து நின்றாள். தொண்டை கட்டியிருந்ததால் அவளால் சத்தமாகப் பேச முடியவில்லை. பேனாவைப் பிடுங்கலாம் என்றால் அப்பா அதற்குள் தாளை மடியில் வைத்துக்கொண்டுவிட்டார்.

ஏகாம்பரம் படிக்கத் தொடங்கினார். இத்தனை வயதில், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட கடிதங்கள் அவருக்கு எத்தனையோ உண்டு. படித்தது ஒன்றுகூட இல்லை. இதை ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். வந்தவர்கள் பழத்தை மேசையில் வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசி வரி முடிந்ததும் அவர் தலை நிமிர்ந்தார்.

"போடலேன்னா இன்னா ஆவும்?"

பரிபூரணம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். பின்னால் நின்றவர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பார்த்தார்.

"அது..." என்று இழுத்தார் பரிபூரணம். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க."

"கேட்டுக்கினு வா" என்றார் ஏகாம்பரம். "நாங்க இங்கதான் இருப்போம்."